ஐசி எண்ணை வைத்து யாரும் உங்கள் பெயரில் நுழையாமல் இருக்க: கோலாலம்பூர், பினாங்கு குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

வரன் தேடும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு பயோடேட்டா வருகிறது. பெயர், பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர், வேலை, கைப்பேசி எண், கூடவே ஜாதகக் கட்டம். ஐசி எனப்படும் மலேசிய அடையாள அட்டையின் எண்ணை அதில் யாரும் போடவில்லை. ஆனால் 15.8.1990-இல் கோலாலம்பூரில் பிறந்தவர் என்று தெரிந்தாலே அவருடைய எண் பெரும்பாலும் 900815-14 என்று தொடங்கும். பினாங்கில் பிறந்திருந்தால் 900815-07. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. 12 இலக்கத்தில் 8 கைக்கு வந்தாயிற்று.

மீதி நான்கும் பெரிய ரகசியமில்லை. 2017-இல் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தன. பெயர், முகவரி, ஐசி எண் எல்லாம் அதில் இருந்தன. அன்று வெளியே போன ஐசி எண்ணை இன்று மாற்ற முடியாது. அது சாகும்வரை ஒரே எண்தான். ஆகவே இந்த வழிகாட்டி ஒரே கணக்கில் நிற்கிறது: உங்கள் ஐசி எண் ஏற்கெனவே அந்நியர் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து எவரும் பணமாக்க முடியாது. கூடவே அட்டையின் படம், உங்கள் கைப்பேசி எண், உங்கள் முகம், உங்கள் மின்னஞ்சல் இவற்றில் ஏதோ ஒன்று வேண்டும். காவல் போட வேண்டிய இடம் அங்கேதான்.

படி 1: அட்டையும் அதன் நகலும்

அடுக்குமாடி வாசலில் காவலாளி ஐசியைக் கேட்டு வாங்கி, பாஸ் கொடுத்துவிட்டு, அட்டையைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வது இங்கே பழகிப்போன காட்சி. கொடுக்க வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிமுறைகளின்படி அட்டையைக் காட்டச் சொல்லும் அதிகாரம் பதிவு அதிகாரி, போலீஸ்காரர், சுங்க அதிகாரி, பணியில் இருக்கும் ராணுவத்தினர் போன்றவர்களுக்குத்தான் உண்டு. காவலாளிக்கு அதை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. சண்டை போடாமல், "பெயரும் கார் எண்ணும் எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே, பார்க்க வந்த வீட்டுக்காரரை இன்டர்காமில் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று சொல்லலாம். விடாப்பிடியாக நின்றால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள். உரிமத்திலும் ஐசி எண் இருக்கிறது. ஆனால் வங்கியோ கைப்பேசிக் கடையோ கேட்பது மைகார்டை, அதாவது ஐசி அட்டையைத்தான்.

நகல் கேட்கும் இடங்களில் ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வேலைக்குச் சேரும்போது, வீடு வாடகைக்கு எடுக்கும்போது, வங்கியில், வக்கீல் அலுவலகத்தில் கேட்பது நியாயம். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும், கடையின் உறுப்பினர் அட்டைக்கும், பயிற்சிப் பட்டறைக்கும் ஐசி நகல் எதற்கு? கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் இப்படிச் செய்யுங்கள்:

1. நகல் தாளில் படத்தின் குறுக்கே இரண்டு சாய்கோடுகள் போடுங்கள். முகமும் எண்ணும் படிக்க முடியும்படி இருக்கட்டும். இல்லாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.
2. அந்தக் கோடுகளுக்கு நடுவே மலாயில் எழுதுங்கள்: "உந்துக் கெகுனாஆன்" என்று தொடங்கி, நிறுவனத்தின் பெயர், காரணம், பிறகு "சஹாஜா". "இந்தக் காரியத்துக்கு மட்டும்" என்று பொருள். கீழே தேதி. எழுத்து அட்டைப் படத்தின் மேலேயே ஓட வேண்டும். ஓரத்து வெள்ளைத் தாளில் எழுதினால் வெட்டி எறிந்துவிடலாம்.
3. புலனத்தில் படமாக அனுப்புவதானால் கைப்பேசியின் படத்திருத்தும் வசதியில் அதே வாசகத்தைப் படத்தின் நடுவில் எழுதி, அந்தப் படத்தை அனுப்புங்கள். பிறகு உங்கள் கைப்பேசிப் படத்தொகுப்பிலிருந்தும் உரையாடலிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

மூன்றாவதில் பலர் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். ஐசியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் படமும் "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று கைப்பேசியில் வருடக்கணக்கில் கிடக்கும். கைப்பேசி திருடு போனால் முதலில் தேடுவது அதைத்தான். படத்தொகுப்பின் தேடல் பெட்டியில் "கார்டு" என்றோ "ஐசி" என்றோ தட்டிப் பாருங்கள். உங்களுக்கே மறந்துபோன படங்கள் வரும். நகலெடுக்கும் கடையில் கோப்பை அனுப்பி அச்சடித்தால், முடிந்தவுடன் அவர்கள் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

அட்டை தொலைந்தால் தாமதிக்காமல் தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். கோலாலம்பூரில் புடு சென்ட்ரலில் உள்ள அரசு சேவை மையமான யுடிசியிலும் முகப்பு உண்டு. பினாங்கில் ஜாலான் ஆன்சன் கூட்டரசுக் கட்டடத்துக்குப் போகலாம். முதல் முறை தொலைத்தால் கட்டணமும் அபராதமும் சேர்த்து 110 வெள்ளி (ரிங்கிட்). அடுத்தடுத்த முறைகளில் அபராதம் ஏறும். வழிப்பறியில் போனது என்றால் போலீஸ் புகாரைக் காட்டி அபராத விலக்குக் கேட்கலாம். வெறுமனே தொலைந்திருந்தாலும் போலீஸ் புகார் செய்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ அந்த அட்டையை வைத்துக் கடன் வாங்கியிருந்தால், "அந்தத் தேதியில் அட்டை என்னிடம் இல்லை" என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

படி 2: கைப்பேசி எண்

வங்கியும் மின்னஞ்சலும் இ-வாலட்டும் புலனமும் உங்களை அடையாளம் காண்பது இந்த எண்ணை வைத்து. எண் போனால் மற்றவை வரிசையாகப் போகும். அதனால் இந்தப் படிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் தன் இணையத்தளத்தில், ஐசி எண்ணுக்குக் கீழே பதிவான பிரீபெய்டு எண்களைச் சரிபார்க்க ஒரு பக்கம் வைத்திருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் நிறுவனத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். மேக்சிஸ், செல்கோம்டிஜி, யு மொபைல், யூனிஃபை மொபைல் என்று எல்லாவற்றிலும் பாருங்கள். இரவுச் சந்தையில் சிம் விற்பவர் ஒருவருடைய ஐசியை இரண்டு முறை தட்டிவிட்டால், இரண்டாவது எண் மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். தெரியாத எண் இருந்தால் ஐசியோடு அந்த நிறுவனத்தின் சொந்தக் கிளைக்குப் போய் ரத்து செய்து, ரத்து செய்ததற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிடம் புகார் செய்யலாம்.

அடுத்தது சிம் பின். கைப்பேசியைப் பூட்டி வைத்திருந்தாலும், திருடன் சிம்மை உருவி வேறு கைப்பேசியில் போட்டால் உங்கள் குறுஞ்செய்திகள் அவனுக்கு வரும். சிம் பின் போட்டிருந்தால் வராது. அமைப்புகளில் சிம் பூட்டு என்ற இடத்தில் இதைப் போடலாம். முதலில் நிறுவனம் வைத்த இயல்பான எண்ணைக் கேட்கும். ஊகித்துத் தட்டாமல் நிறுவனத்தைக் கேளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும். அதையும் 10 முறை தவறவிட்டால் சிம்மே செத்துவிடும், புதிது வாங்க வேண்டியதுதான்.

இந்தப் பின், சிம் மாற்றும் மோசடியைத் தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் திருடன் கடைக்கே போய், உங்கள் ஐசியைக் காட்டி, உங்கள் எண்ணுக்குப் புது சிம் வாங்கிவிடுகிறான். உங்களுக்குத் தெரியும் அறிகுறி ஒன்றுதான்: மற்றவர்களுக்கு அலை வரும் இடத்தில் உங்கள் கைப்பேசியில் மட்டும் "சேவை இல்லை" என்று வந்து, அணைத்துப் போட்டாலும் மாறாது. லைன் கோளாறு என்று நினைத்து இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். வேறு கைப்பேசியிலிருந்து முதலில் வங்கி, பிறகு தொலைத்தொடர்பு நிறுவனம்.

அழைப்புகள் வேறெங்கும் திருப்பிவிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க *#21# என்று அடியுங்கள். தெரியாத எண் ஒன்று காட்டினால் ##002# அடித்து எல்லாத் திருப்பலையும் ரத்து செய்யுங்கள். "நெட்வொர்க் சரிசெய்ய இந்த எண்ணை அடிங்க" என்று யாராவது *21* அல்லது **21* என்று தொடங்கும் எண்ணைச் சொன்னால், அது உங்கள் அழைப்புகளை அவருக்குத் திருப்பிவிடும் கட்டளை.

பழைய எண்ணை விடும்போதும் கவனம் வேண்டும். டாப் அப் செய்யாமல் விட்ட பிரீபெய்டு எண் சில காலத்தில் இன்னொருவருக்குப் போய்விடும். உங்கள் வங்கிக் கணக்கு இன்னும் அந்த எண்ணில் இருந்தால், உங்கள் தகவல் அவருக்குப் போகும். எண்ணை விடுவதற்கு முன் வங்கி, ஊழியர் சேமநிதியான கேடபிள்யூஎஸ்பி, மின்னஞ்சல், இ-வாலட், வரி இலாகா எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதியுங்கள்.

குறுஞ்செய்தி பற்றியும் ஒரு வார்த்தை. தனிநபர் எண்களிலிருந்து இணைப்போடு வரும் குறுஞ்செய்திகளை 2023 மே 2 முதல் தடுக்கும்படி எம்சிஎம்சி உத்தரவிட்டது. அதைச் சுற்றிப் போக, காரில் போலிக் கோபுரக் கருவியை வைத்துக்கொண்டு பேரங்காடிப் பக்கம் சுற்றும் கும்பல்கள் வந்தன. அந்தக் கருவி அருகிலுள்ள கைப்பேசிகளை 2ஜிக்கு இறக்கி, வங்கியின் பெயரிலேயே செய்தி அனுப்பும். அது உண்மையான வங்கிச் செய்திகள் இருக்கும் அதே வரிசையில் வந்து விழும். ஆண்ட்ராய்டு 12-க்கு மேற்பட்ட பல கைப்பேசிகளில் சிம் அமைப்பில் 2ஜியை அணைக்கும் பொத்தான் இருக்கிறது. அணைத்து வையுங்கள்.

படி 3: மின்னஞ்சலும் புலனமும்

எந்தக் கடவுச்சொல்லை மறந்தாலும் புதிது வாங்கும் வழி மின்னஞ்சல்தான். அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு கடவுச்சொல் வையுங்கள். நான்கைந்து தொடர்பில்லாத சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், நீளமாகவும் இருக்கும். இருபடிச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் வைக்காமல் பாஸ்கீ அல்லது அத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றுங்கள். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையவைதானா என்று பாருங்கள்.

புலனத்தில் அமைப்புகள், கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு என்று போய் 6 இலக்கப் பின் வையுங்கள். இணைத்த சாதனங்கள் பட்டியலில் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். "தவறி உங்க நம்பருக்கு 6 நம்பர் அனுப்பிட்டேன் அக்கா, கொஞ்சம் சொல்லுங்க" என்று சொந்தக்காரர் கணக்கிலிருந்தே செய்தி வரும். அது உங்கள் புலனக் கணக்கைத் திறக்கும் எண், சொல்லாதீர்கள். அந்தச் சொந்தக்காரர் கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கிறது. உங்களுடையது போய்விட்டால், உடனே உங்கள் எண்ணைப் போட்டு மறுபடி உள்நுழையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் தட்டியவுடன் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் பின் போட்டிருந்தால் நீங்கள் முழுதாக உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரும், ஆனால் அவனாலும் பயன்படுத்த முடியாது.

படி 4: வங்கிச் செயலி

2022 செப்டம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை ஒப்புதல் எண்ணை (டேக்) விட்டுச் செயலி வழி ஒப்புதலுக்கு மாறவும், ஒருவருக்கு ஒரே சாதனம் என்று வரையறுக்கவும், புதுச் சாதனம் பதியும்போது காத்திருப்பு நேரம் வைக்கவும் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. மேபேங்கின் செக்யூர்2யூவும் சிஐஎம்பியின் செக்யூர்டேக்கும் இப்படிப்பட்டவைதான். காத்திருப்பு நேரம் சிலருக்கு எரிச்சல் தரும். ஆனால் திருடன் உங்கள் கணக்கைத் தன் கைப்பேசியில் பதிய முயன்றால் உங்களுக்கு எச்சரிக்கை வந்து, தடுக்க நேரம் கிடைப்பது அந்த இடைவெளியில்தான்.

இன்றே மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, செயலியில் உள்ள கில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அது உங்கள் இணைய வங்கிச் சேவையை நீங்களே உடனே முடக்கும் பொத்தான். பதற்றத்தில் தேட முடியாது. இரண்டு, தினசரிப் பரிமாற்ற வரம்பை உங்களுக்குத் தேவையான அளவுக்குக் குறையுங்கள். மாதத்தில் 800 வெள்ளிக்கு மேல் யாருக்கும் அனுப்பாதவருக்கு நாளைக்கு 10,000 வெள்ளி வரம்பு எதற்கு? மூன்று, சேமிப்பை அன்றாடக் கணக்கிலிருந்து பிரித்து வையுங்கள். சில வங்கிகளில் ஒரு தொகையை இணையத்தில் தொட முடியாதபடி பூட்டும் வசதியும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கேடபிள்யூஎஸ்பியின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனும் இப்போது வங்கிக் கணக்கு போலத்தான். 2024 மே மாதம் முதல் நெகிழ்வுக் கணக்கிலிருந்து செயலி வழியே பணம் எடுக்கலாம். இன்னும் பதியாதவர்கள், வேறு யாரும் பதிவதற்குள் நீங்களே பதிந்து, பதிவான கைப்பேசி எண்ணைச் சரிபாருங்கள். அரசின் மின்னணு அடையாளமான மைடிஜிட்டல் ஐடியையும் இதே காரணத்துக்காக நீங்களே முந்திப் பதியுங்கள்.

பிளே ஸ்டோருக்கு வெளியே, ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பாக வரும் எதையும் நிறுவாதீர்கள். வீடு சுத்தம் செய்யும் சேவைக்கு முன்பதிவு என்றும் கல்யாண அழைப்பிதழ் என்றும் வரும். பத்திரிகை வைக்கிறவர்கள் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்புவார்கள். அழைப்பிதழைப் பார்க்க ஒரு செயலியை நிறுவச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கோப்பு குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும், பிறகு அணுகல் வசதிக்கான அனுமதி கேட்கும். இரண்டும் கிடைத்தால் உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே பணத்தை எடுப்பார்கள். தெரியாமல் நிறுவிவிட்டால் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, வேறு கைப்பேசியிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். செயலியை அழிப்பதற்கு முன் அதன் பெயரையும் அது வந்த உரையாடலையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: உங்கள் முகம்

வங்கிக் கணக்கை வீட்டிலிருந்தே திறக்கலாம் என்று ஆனபின் அடையாளத் திருட்டின் பொருள் மாறிவிட்டது. ஐசியின் முன்பக்கம், பின்பக்கம், கூடவே உங்கள் முகம்: இவ்வளவுதான் கேட்கிறார்கள். ஆகவே ஐசியைக் கன்னத்தருகே பிடித்து எடுத்த செல்ஃபி, உங்களிடமிருந்து போகக்கூடிய படங்களிலேயே ஆபத்தானது.

அதைக் கேட்பவர்கள் யார்? பகுதி நேர வேலை, நாளைக்கு 200 வெள்ளி என்று டெலிகிராமில் வருபவர். ஐசியும் சம்பளச் சீட்டும் அனுப்பினால் கடன் உடனே கிடைக்கும் என்பவர். பார்க்காமலே வாடகைக்கு வீடு தரும் "வீட்டுக்காரர்". அரசு உதவித்தொகைக்குப் பதிந்து தருகிறேன் என்பவர். வீடியோ அழைப்பில் "கண்ணைச் சிமிட்டுங்கள், தலையை இடப்பக்கம் திருப்புங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே வையுங்கள். அது கணக்குத் திறக்கும் செயலி உயிருள்ள முகம்தானா என்று பார்க்கக் கேட்கும் அசைவு. நீங்களே பதிவிறக்கி, நீங்களே திறந்த செயலியில் மட்டும் அதைச் செய்யுங்கள்.

"ஏடிஎம் கார்டை ஒரு மாசம் குடு, 500 வெள்ளி தரேன்" என்று இளைஞர்களிடம் வருபவர்களும் இதே கும்பல்தான். கொடுத்தவர் ஏமாந்தவராகக் கருதப்பட மாட்டார். மோசடிப் பணத்தைக் கடத்த இரவல் கொடுக்கும் இத்தகைய கணக்குகளைக் கோவேறு கழுதைக் கணக்கு என்பார்கள். அவற்றுக்கு எதிராக 2024-இல் தண்டனைச் சட்டத்திலேயே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பிள்ளைகளிடம் இதை வெளிப்படையாகப் பேசுங்கள்.

படி 6: பதிவேடுகளைப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பேங்க் நெகாராவின் கடன் பதிவேடான சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை இசிசிஆர்ஐஎஸ் தளத்தில் பதிந்து இலவசமாகப் பெறலாம். அதில் நிலுவைக் கடன்கள், சிறப்புக் கவனத்திலுள்ள கணக்குகள், கடன் விண்ணப்பங்கள் என்று பகுதிகள் இருக்கும். எல்லாரும் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். திருட்டு முதலில் தலைகாட்டுவது விண்ணப்பப் பகுதியில்தான். நீங்கள் போடாத விண்ணப்பம் அங்கே தெரிந்தால், கடன் வெளியாகும் முன்பே தடுக்க இடமுண்டு. கடன் விவரம் திரட்டும் தனியார் நிறுவனமான சிடிஓஎஸ்ஸின் அடிப்படை அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். முகவரி, நிறுவனத் தொடர்பு, வழக்கு விவரங்கள் அதில் தெரியும்.

இந்த இரண்டிலும் வராத கடன்களும் உண்டு. இப்போது வாங்கி பிறகு கட்டும் திட்டங்களிலும் சில்லறைக் கடன் கொடுப்பவர்களிடமும் வாங்கியவை எல்லாமே அங்கே பதிவாகிவிடும் என்று சொல்ல முடியாது. தெரியாத எண்ணிலிருந்து "பாக்கி" கேட்டு அழைப்பு வந்தால் அதை ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அழைப்பவரிடம் ஐசி எண்ணைச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். எந்த நிறுவனம், என்ன கணக்கு எண் என்று கேட்டு வைத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ எண்ணைத் தேடி நீங்களே அழையுங்கள்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். கேடபிள்யூஎஸ்பி அறிக்கையில் தெரியாத முதலாளி, சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் நீங்கள் வாங்காத மோட்டார் சைக்கிள், வரி இலாகாவிலிருந்து நீங்கள் சம்பாதிக்காத வருமானத்துக்குக் கடிதம், நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் உங்கள் பெயரில் ஒரு வியாபாரம். இவற்றில் எது தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். மோசடியில் சிக்கிய எண்களைத் தேடிப் பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையும் கணக்கு எண்ணையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள், சங்கங்கள்

அம்மா அப்பாவின் கைப்பேசியில் படி 2 முதல் 4 வரை நீங்களே உட்கார்ந்து செய்துகொடுங்கள். எண் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பல வீடுகளில் அது மருமகன் பெயரிலோ, பழைய முதலாளி பெயரிலோ இருக்கும். போலீஸ், நீதிமன்றம், வரி இலாகா என்று சொல்லி யார் மிரட்டினாலும் "என் மகனோடு பேசிட்டு வர்றேன்" என்று வைத்துவிட அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வைத்துவிடுவது மரியாதைக் குறைவு என்று அவர்கள் தயங்குகிறார்கள். மோசடிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பிள்ளையின் மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) எண்ணும் வாழ்நாள் எண்தான். பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் முகநூலில் போடாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய மைகார்டைப் பதிவிலாகாவில் ஒப்படைத்து, வங்கிக்கும் கைப்பேசி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். கண்ணீர் அஞ்சலிப் படத்தில் பிறந்த ஆண்டு போதும்.

கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் உதவிப் பொருள் பெறுவோர் பட்டியலை, பெயரும் முழு ஐசி எண்ணுமாகப் புலனக் குழுவில் போடும் வழக்கம் நிற்க வேண்டும். உதவி வாங்க வந்த ஏழைகளின் விவரம்தான் இப்படி ஊரெல்லாம் சுற்றுகிறது, அது மனத்தை வருத்துகிறது. கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வைத்து மற்றதை மறைத்தாலே ஆளைச் சரிபார்த்துவிடலாம். நகல்களைப் பூட்டிய அலமாரியில் வைத்து, வேலை முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். ஜாதகம் பகிர்பவர்கள் முதலில் ராசி, நட்சத்திரம் மட்டும் அனுப்பி, பேச்சு தொடர்ந்தபின் பிறந்த தேதி, நேரம் கொடுக்கலாம்.

உங்கள் விவரம் ஒரு நிறுவனத்திலிருந்து கசிந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை இப்போது அவர்களுக்கு இருக்கிறது. 2025 ஜூன் 1 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, அவர்கள் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். கசிவால் பெருந்தீங்கு நேரக்கூடும் என்றால், அதன்பின் 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அரசுத் துறைகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

நடந்துவிட்டால்: முதல் ஒரு மணி நேரம்

பணம் போயிருந்தால் வரிசை இதுதான், மாற்றாதீர்கள்.

1. கில் சுவிட்சை அழுத்துங்கள், அல்லது வங்கியின் 24 மணி நேர மோசடி எண்ணை அழையுங்கள். எண் வங்கி அட்டையின் பின்னால் இருக்கும். கூகிளில் தேடினால் போலி எண் வரக்கூடும்.
2. 997-ஐ அழையுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையம். ஐசி எண், உங்கள் வங்கி, பணம் போன கணக்கு எண், நேரம், தொகை, பரிமாற்றக் குறிப்பு எண் இவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். திருடிய பணம் நிமிடங்களில் ஒரு கணக்கிலிருந்து மூன்று நான்கு கணக்குகளுக்குத் தாவும். முதல் கணக்கிலேயே முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. அதனால்தான் புகாருக்கு முன்னால் இது.
3. தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.
4. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். செந்தூலில் இருந்தாலும் பட்டர்வொர்த்தில் இருந்தாலும் அருகிலுள்ள எந்தப் போலீஸ் நிலையத்திலும் செய்யலாம்.

புகாரின் வாசகம் முக்கியம். "என் ஐசி துஷ்பிரயோகம் செய்யப்பட்டதாகச் சந்தேகிக்கிறேன்" என்று மட்டும் இருந்தால் பின்னால் எந்த வங்கியும் அதைப் போதாது என்று சொல்லும். எந்த நாளில், எப்படித் தெரியவந்தது. எந்த நிறுவனம், என்ன கணக்கு எண், எவ்வளவு தொகை. "நான் விண்ணப்பிக்கவில்லை, கையெழுத்திடவில்லை, பணம் பெறவில்லை, யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை" என்பது. அட்டை முன்பு தொலைந்திருந்தால் அந்தத் தேதி: இவ்வளவும் இருக்க வேண்டும். மலாயில் முன்பே எழுதி எடுத்துப் போங்கள். மலாய் சரளமாக இல்லாத பெரியவர்களோடு ஒருவர் கூடப் போகட்டும். தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்தபின்தான் கையெழுத்து. நகலை வாங்காமல் திரும்பாதீர்கள்.

தெரியாத கடன் உங்கள் பெயரில் இருந்தால்

பயத்தில் பலர் செய்யும் தவறு, "முதலில் கொஞ்சம் கட்டி வாயை அடைப்போம்" என்பது. 50 வெள்ளி கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக்காட்டுவார்கள். தவணைத் திட்டத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். போலீஸ் புகார் நகலை இணையுங்கள். விண்ணப்பப் படிவம், கையெழுத்து, விண்ணப்பத்தின்போது எடுத்த முகப்படம், கொடுத்த கைப்பேசி எண், முகவரி, பணம் எந்தக் கணக்கில் போடப்பட்டது என்ற விவரம் இவற்றின் நகல்களைக் கேளுங்கள். பணம் போன கணக்கு உங்களுடையதல்ல என்பதே பெரும்பாலும் வழக்கை முடித்துவிடும். மின்னஞ்சலில் அனுப்பி, கிளையில் நேரிலும் ஒரு பிரதி கொடுத்து, பெற்ற முத்திரை வாங்குங்கள். சிசிஆர்ஐஎஸ், சிடிஓஎஸ் இரண்டிலும் திருத்தக் கோரிக்கை தனித்தனியாகப் போடுங்கள்; ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்தாது.

வங்கியின் இறுதி முடிவு உங்களுக்கு எதிராக வந்தால், 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையான எஃப்எம்ஓஎஸ்ஸிடம் 6 மாதத்துக்குள் முறையிடலாம். கட்டணமில்லை. வங்கியின் முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள்.

நீதிமன்றச் சம்மன் வந்தால், "நான் வாங்காத கடனுக்கு நான் ஏன் போக வேண்டும்" என்று ஒதுக்கிவைக்கக் கூடாது. 14 நாளுக்குள் ஆஜராவதாகத் தெரிவிக்காவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வரக்கூடும். வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவை நாடலாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக் கும்பல் வீட்டு வாசலில் வந்து நின்றால் பேரம் பேசாமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். அவர்களிடம் இருக்கும் உங்கள் ஐசி நகலைப் படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நகலின் குறுக்கே நீங்கள் முன்பு எழுதிய நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், எங்கிருந்து கசிந்தது என்று அப்போதே தெரிந்துவிடும்.

திருத்தம் முடிந்ததாகக் கடிதம் வந்தபின் இரண்டு மாதம் விட்டு சிசிஆர்ஐஎஸ்ஸை மறுபடி எடுத்துப் பாருங்கள். தீர்ந்த கடன் வேறொரு வசூல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, இரண்டு வருடம் கழித்துப் புது எண்ணிலிருந்து அழைப்பு வருவதும் உண்டு. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதனால் போலீஸ் புகார், வங்கியின் கடிதம், திருத்திய அறிக்கை, முத்திரையிட்ட பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு அதுவரை எறியாமல் வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.